எதிராளி இல்லாத ஊரில் கோ

கோ என்ற பலகை ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதவரின் முன்னேற்றத்தைக் கற்களை எண்ணியே சொல்லிவிடலாம். புதிதாக வருபவர் 30ஆம் கியூ என்ற நிலையில் தொடங்கி, எண் குறையக் குறைய உயர்ந்து, 1ஆம் கியூவைத் தாண்டி 1ஆம் டானில் நுழைகிறார். அங்கிருந்து 7ஆம் டான் வரை எண் கூடிக்கொண்டே போகும். இருவருக்கிடையே எத்தனை நிலை வித்தியாசமோ, கீழ்நிலையில் உள்ளவருக்கு அத்தனை கற்கள் முன்கூட்டியே பலகையில் வைக்கப்படும். வழக்கமான உச்சவரம்பு ஒன்பது கல். சதுரங்கத்தில் வலுவானவர் ஒரு யானையை எடுத்துவிட்டு ஆடினால் ஆட்டத்தின் இயல்பே மாறிப்போகும். கோ ஆட்டத்தில் ஐந்து கல் கொடுத்து ஆடினாலும் ஆட்டம் அதேதான். அதனால்தான் நேற்று கற்றவரும் பத்தாண்டு ஆடியவரும் ஒரே பலகையில் முழு மனதோடு மோத முடிகிறது.

விதிகள் மிகக் குறைவு. 19 நெடுக்குக் கோடும் 19 குறுக்குக் கோடும் சந்திக்கும் 361 இடங்களில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிக் கல் வைக்கின்றன. வைத்த கல் நகராது. அதை ஒட்டிய காலி இடங்கள்தான் அதற்கு மூச்சு. எல்லா மூச்சையும் எதிராளி அடைத்துவிட்டால் கல் பலகையை விட்டுப் போகும். ஆடு புலி ஆட்டத்தில் 15 ஆடுகளை வைத்து மூன்று புலிகளைக் கட்டப் பழகியவருக்கு இந்த முற்றுகை புதிதல்ல. அங்கேயும் காய் நிற்பது கோடுகள் கூடும் இடத்தில்தான்; அங்கேயும் தாவ இடமில்லாமல் செய்வதுதான் வெற்றி. கோ ஆட்டத்தில் இரு தரப்பும் ஆடு, இரு தரப்பும் புலி. கடைசியில் எண்ணப்படுவதும் கட்டுண்ட கற்கள் மட்டுமல்ல, யார் எவ்வளவு இடத்தை வளைத்துப் பிடித்தார் என்பதும் சேர்த்துத்தான்.

விதிகளைக் கற்பதற்கும் ஆடத் தெரிவதற்கும் உள்ள தூரத்தை, 1894 முதல் 1921 வரை உலகச் சதுரங்கச் சாம்பியனாக இருந்த எமானுவேல் லாஸ்கரின் அனுபவம் காட்டுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் எட்வர்ட் லாஸ்கர் என்ற இன்னொரு சதுரங்க ஆட்டக்காரர் அவருக்குக் கோ ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். எமானுவேலின் சகோதரர் பெர்தோல்டும் சேர்ந்துகொள்ள, தங்களுக்குள் ஆடி ஆடி, நன்றாகத் தேறிவிட்டதாக நம்பினார்கள். அப்போது கிடாபாடாகே என்ற ஜப்பானியக் கணித அறிஞர் அவர்களோடு ஆட இசைந்து, ஒன்பது கல் கொடுக்க முன்வந்தார். யோசனை விளையாட்டு எதிலும் தனக்கு ஒன்பது கல் சலுகை தரக்கூடிய மனிதர் இருப்பார் என்று உலகச் சாம்பியனால் நம்ப முடியவில்லை. மூவரும் கலந்து பேசி, நெடுநேரம் யோசித்து ஆடினார்கள். ஜப்பானியர் பெரும்பாலும் உடனுக்குடன் பதில் வைத்தார். தோற்றது மூவர்தான்.

அதற்குப் பிறகு எமானுவேல் டோக்கியோ போக ஆசைப்பட்டார். எட்வர்ட் தான் வேலை பார்த்த ஜெர்மன் மின்சாதன நிறுவனத்தில் டோக்கியோ கிளைக்கு முயன்று, கடைசியில் லண்டனுக்குத்தான் போக நேர்ந்தது. அந்த மூவருக்கும் அறிவுக் குறை கிடையாது, உழைப்பிலும் குறை கிடையாது. தங்களைவிட வலுவான ஒருவரோடு ஆடும் வாய்ப்பு மட்டும் இல்லாமலிருந்தது. ஒரே மட்டத்தில் உள்ள சிலர் திரும்பத் திரும்பத் தங்களுக்குள்ளேயே ஆடினால், ஒருவருடைய தவறு இன்னொருவருடைய தவறால் மறைந்துவிடும். தண்டிக்கப்படாத தவறு பழக்கமாக இறுகிவிடும்.

வலுவானவர் அப்படி என்ன பார்க்கிறார்? பெரும்பாலும் எந்தக் கூட்டம் பிழைக்கும், எது சாகும் என்பதை. ஒரு கற்கூட்டம் முழுவதும் வளைக்கப்பட்டாலும், அதற்குள் இரண்டு தனித்தனிக் காலி இடங்கள் இருந்தால் அதைக் கொல்ல முடியாது. அவற்றைக் கண்கள் என்பார்கள். ஒரு கண்ணை அடைக்கக் கல் வைத்தால், மற்றக் கண் மூச்சாக நிற்கும். அடைக்க வந்த கல்தான் மூச்சிழக்கும். இதை வைத்து ஒரு சிறு நிலையைப் பார்க்கலாம். வளைக்கப்பட்ட கறுப்புக் கூட்டத்துக்குள் மூன்று காலி இடங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. கறுப்பு நடு இடத்தில் வைத்தால் இரு பக்கமும் ஒவ்வொரு கண், கூட்டம் பிழைத்தது. வெள்ளை முந்திக்கொண்டு அதே நடு இடத்தில் வைத்தால் இரண்டு கண்ணுக்கு வழியே இல்லை, கூட்டம் செத்தது. வரிசையில் நான்கு இடம் இருந்தால் கவலையில்லை: வெள்ளை நடுவில் ஒன்றை எடுத்தால் கறுப்பு நடுவில் இன்னொன்றை எடுக்கும். அதே நான்கு இடம் சதுரமாக அமைந்தால், கறுப்பே முதலில் வைத்தாலும் காப்பாற்ற முடியாது. மீந்திருப்பது வளைந்த மூன்று இடம். அதன் மூலையை வெள்ளை எடுத்துவிடும்.

எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் வடிவம் உயிரைத் தீர்மானிக்கிறது. இந்த வடிவங்களைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்பவர் ஆட்டத்தின் நடுவே மிச்சப்படுத்தும் நேரமும் தெம்பும் கொஞ்சநஞ்சமல்ல. கொரியாவில் 1956இல் பிறந்து, ஆறு வயதில் ஜப்பானுக்குப் போய்ப் பயின்ற சோ சிகுன் தொகுத்த வாழ்வு-சாவுப் புதிர்க் களஞ்சியத்தின் தொடக்கநிலைப் பகுதியில் மட்டும் 900 புதிர்கள் இருக்கின்றன. இவற்றைக் கல் வைத்துப் பார்க்காமல் மனத்துக்குள்ளேயே தீர்க்க வேண்டும். ஒரு கடினமான புதிரோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட, எளிய புதிர்களை நிறையப் போட்டு, சில வாரம் கழித்து அவற்றையே மறுபடி போடுவது தொடக்க நிலையில் கூடுதல் பலன் தரும்.

இந்த மனக்கணக்கின் அவசியத்தை அழுத்திச் சொன்னவர் ககெயாமா தோஷிரோ. 1948இல் ஜப்பானின் தொழில்முறை சாராதோருக்கான ஹோனின்போ போட்டியை வென்று, மறு ஆண்டு தொழில்முறை ஆட்டக்காரரானவர். இரு கரையையும் அறிந்தவர் என்பதால், தொழில்முறை சாராதவர் எங்கே சோம்பல்படுகிறார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அடிப்படைகள் பற்றி எழுதிய நூலை அவர் தொடங்குவது ஏணியில் இருந்து. ஒரே மூச்சு மிஞ்சிய வெள்ளைக் கல் ஓடுகிறது. ஓடியதும் இரண்டு மூச்சு. கறுப்பு பக்கவாட்டில் வைத்து மறுபடி ஒன்றாக்குகிறது. இப்படி வெள்ளை வளைந்து வளைந்து, படிப்படியாகப் பலகையின் குறுக்கே ஓடி, ஓரத்தில் சிக்கிச் சாகும். போகும் வழியில் ஒரே ஒரு வெள்ளைக் கல் முன்பே நின்றிருந்தால் கதை தலைகீழ். ஓடிய கல் அதோடு கைகோத்துத் தப்பிவிடும். துரத்திய கறுப்புக் கற்களோ வழி நெடுக வெட்டு விழும் நிலையில் கிடக்கும். தோற்ற ஏணியிலிருந்து ஆட்டத்தை மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம். முப்பது நாற்பது கற்கள் நீளும் இந்த ஓட்டத்தில் ஒவ்வொரு கல்லும் கட்டாயமானது, கிளைவழி கிடையாது. பொறுமையாகக் கண்ணால் கோடு போட்டுப் போனால் யாரும் கண்டுபிடிக்கலாம். பலர் அந்தப் பொறுமையைக் காட்டாமல் குத்துமதிப்பாக வைக்கிறார்கள்.

மூலையில் ஆடும் தொடக்க வரிசைகளை மனப்பாடம் செய்வதுதான் முன்னேற்றம் என்று நினைப்பது இதைவிடப் பரவலான சறுக்கல். எதிராளி வரிசையை விட்டு விலகிய மறுகணம், ஒவ்வொரு கல்லும் எதற்காக வைக்கப்பட்டது என்று தெரியாதவர் நட்டாற்றில் நிற்பார். ஆட்டம் நன்றாகப் பழகும் வரை 81 சந்திப்புகள் கொண்ட 9 × 9 பலகையே போதும். அங்கே தொடக்க வரிசைக்கு இடமில்லை. நான்காவது ஐந்தாவது கல்லிலேயே கைகலப்பு வந்துவிடும். ஒரு மாலைப் பொழுதில் பல ஆட்டங்கள் முடித்துவிடலாம்.

இனி எதிராளி கிடைப்பது பற்றி. எடுத்துக்காட்டாக, பெரார்கஞ்ச் தெற்கு அந்தமானில் ஒரு வட்டத் தலைமையிடம். அந்தமான் பெருஞ்சாலையில் உள்ள இதைப் போன்ற ஓர் ஊரில் அடுத்த தெருவில் டான் நிலை ஆட்டக்காரர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தியாவின் பெரிய நகரங்களிலேயே கோ ஆடுபவர்கள் மிகச் சிலர்தான். இணையம்தான் வழி. தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பை மட்டும் நம்பியிருந்த காலத்தில் அதுவும் எளிதாக இல்லை. நேரம் தீர்ந்த பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் 30 விநாடி என்ற கணக்கில் ஆடும்போது, இணைப்பு ஒருமுறை அறுந்தாலே ஆட்டம் போய்விடக்கூடும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் பிற ஏழு தீவுப் பகுதிகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிக் கம்பிவடம் போடப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. கொரியாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் ஒருவரோடு கடிகாரம் வைத்து ஆட இன்று இந்தத் தீவுகளிலும் வாய்ப்பு உண்டு. இணைப்பு நிலையாக இல்லாத இடங்களில், ஒரு கல்லுக்கு நாள்கணக்கில் அவகாசம் தரும் முறையில் ஆடலாம். கற்பவருக்கு இந்த மெதுவான ஆட்டமும் நல்லது; ஏணியைக் கடைசிப் படி வரை கணக்கிட நேரம் கிடைக்கிறது.

ஆடினால் மட்டும் போதாது, ஆடியதைத் திரும்பப் பார்க்கவும் வேண்டும். முன்பு இதற்கு ஓர் ஆசான் தேவைப்பட்டார். 2016 மார்ச்சில் சியோலில் ஆல்பாகோ என்ற கணினி நிரல் கொரியாவின் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலை 4–1 என்று வென்ற பிறகு நிலைமை மாறியது. 2019 முதல் கட்டாகோ என்ற திறமூல நிரல் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு கல்லும் எத்தனை புள்ளி இழப்பைத் தந்தது என்று அது காட்டும். தொழில்முறை ஆட்டமே இதனால் மாறியிருக்கிறது. மூலையின் 3-3 இடத்தில், அதாவது இரு ஓரங்களிலிருந்தும் மூன்றாவது கோடுகள் சந்திக்கும் இடத்தில், தொடக்கத்திலேயே புகுவதை முன்பு ஆசான்கள் கண்டிப்பார்கள். இன்று அது அன்றாடக் காட்சி.

ஆனால் நிரல் காரணம் சொல்வதில்லை. அரைப் புள்ளி வித்தியாசத்துக்காக அது காட்டும் கல்லை அப்படியே பின்பற்றுவது, தொடக்க வரிசைகளை மனப்பாடம் செய்வதன் புதிய வடிவம்தான். 12ஆம் கியூவில் இருப்பவரின் ஆட்டத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை பத்துப் புள்ளி, இருபது புள்ளி இழப்புகள். ஆட்டம் முடிந்ததும், நிரலைத் திறக்கும் முன்பே, எங்கே சறுக்கியது என்று தானாக ஒரு முறை யோசித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நிரல் காட்டும் மிகப்பெரிய இரண்டு மூன்று இழப்புகளை மட்டும் எடுத்து, ஆடியவருடைய கணக்கு எந்தக் கல்லில் பிசகியது என்று தேடவேண்டும். கூட்டம் ஒன்று கண் இல்லாமல் செத்திருந்தால், அந்த நிலையைத் தனியே எடுத்துப் புதிராக வைத்துக்கொண்டு மறுநாள் மறுபடி தீர்க்கலாம். சாகாத கூட்டத்துக்குப் பயந்து வீணாகக் கல் போட்டிருந்தால், அந்தக் கூட்டத்தையே எதிராளியின் பக்கம் நின்று கொல்ல முயன்று பார்க்கலாம்.