சன்னத்தின் நுனியும் தோளும்

றைபிள் தோட்டாக்களைக் கடையில் வாங்காது தம் வீட்டு மேசையிலேயே செய்துகொள்ளும் வழக்கம், அமெரிக்காவில் இலக்குச் சூட்டுப் போட்டியாளரிடையே பெரிதும் உண்டு. சுட்டுக் கழிந்த பித்தளைக் கூட்டின் அடியிலே புதிய கேப்பைப் பொருத்தி, நிறுத்த வெடிமருந்தை உள்ளே இட்டு, வாயிலே சன்னத்தை அழுத்தி இறக்குவர். அது எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும் என்பதே இதில் நுட்பமான கேள்வி.

ஆழம் மிகுந்தால் கூட்டினுள் இடம் சுருங்கும்; மருந்தின் அளவு மாறாதிருக்கவும் அமுக்கம் உயரும். ஆழம் குறைந்தாலோ சன்னம் குழலின் திருகு வரிகளிலே முட்டி நிற்கும். அப்போதும் அமுக்கம் உயரும். 1906 இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட ‘தேட்டி ஓட் சிக்ஸ்’ தோட்டாவின் முழு நீளம் 3.340 அங்குலத்தை மிஞ்சலாகாது; அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தலை மிஞ்சலாகாது. மோட்டார் வண்டிச் சில்லிலே நாம் அடைப்பது ஏறக்குறைய 30 இறாத்தல்! சுடுபவரின் கன்னமோ துவக்கின் கட்டையோடு ஒட்டியிருக்கிறது.

அளப்பதற்கு வேணியர் இடுக்கமானியே போதும். (பூச்சிய வழுவைப் பாராமல் வாசிப்பெடுக்கும் நம் மாணாக்கர் இதனைக் கவனிப்பாராக.) ஆனால் எங்கிருந்து அளப்பது? நுனியிலிருந்து என்று தோன்றும். ஈயநுனி நசுங்கக்கூடியது, ஒரே பெட்டிச் சன்னங்களிலும் நுனிகள் சிறிது வேறுபடும். அன்றியும் வரிகளை முதலில் தொடுவது நுனியன்று; வளைந்து பருத்து முழு விட்டத்தை நெருங்கும் தோளே. ஆகவே, குழலின் உள்விட்டத்தை ஒத்த துளையுடைய சிறு உலோகத் துண்டொன்றை இடுக்கமானியின் அலகிலே பூட்டுவர். அத்துளை சன்னத்தின் தோளிலே அமரும். அங்கிருந்து கூட்டின் அடிவரை அளப்பர். நுனிவரை வேறுபடும் தோட்டாக்கள் இவ்வளவையில் ஒன்றாதல் உண்டு.

தம் துவக்கிலே சன்னம் வரிகளைத் தொடும் நீளத்தை முதலில் அறிந்து, அதிலிருந்து அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது அரை மில்லிமீற்றர், குறைத்துத் தொடங்குவோர் பலர். இவ்வெண்ணை நண்பருக்குக் கடன் கொடுக்க முடியாது. அவருடைய துண்டின் துளை வேறு, துவக்கும் வேறு. சொந்தத் துவக்கிற்கூட அது நிலையானதன்று. வெடிக்க வெடிக்கக் குழலின் தொண்டை தேய்ந்து வரிகள் முன்னே விலகும். பழைய குறிப்பை ஒதுக்கிவிட்டு மறுபடியும் அளக்கவேண்டும்.