பாம்பு உடம்புக்குள் ரேடியோ! மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் நடப்பது எப்படி?

புதுக்கோட்டை:

புதுக்கோட்டை மாவட்ட கிராமங்களில் வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தீயணைப்பு நிலையத்துக்கு போன் பறக்கும். வீரர்கள் வந்து லாவகமாக பிடித்து காட்டில் விடுவார்கள். நமக்கு நிம்மதி. அந்த பாம்பு அப்புறம் என்ன ஆச்சு?

இதை தெரிந்துகொள்ளத்தான் பாம்பின் உடம்புக்குள் ரேடியோ கருவி வைக்கிறார்கள்.

கழுத்து எங்கே?

2023-ல் கம்பம் நகருக்குள் புகுந்து கலக்கிய அரிக்கொம்பன் யானையின் கழுத்தில் ரேடியோ காலர் இருந்தது. பாம்புக்கு அப்படி மாட்டினால் உருவிக்கொண்டு போய்விடும். மேலே ஒட்டினால் சட்டை உரிக்கும்போது கழன்றுவிடும். அதனால்தான் ஆபரேஷன்.

மூச்சை அடக்கும்

முதலில் பாம்பின் தலையை பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைய விடுவார்கள். இனி கடிக்க முடியாது. அந்த குழாய் வழியாக மயக்க வாயு செலுத்தப்படும். பாம்பு வெகுநேரம் மூச்சை அடக்கும். எனவே மயங்க நேரம் பிடிக்கும். மயங்கியபின் டியூப் போட்டு டாக்டரே மூச்சு கொடுக்க வேண்டியிருக்கும். உடம்பு சில்லிட்டுப் போகாமலும் பார்க்கணும்.

பக்கவாட்டில் சின்னதாக கீறி, கருவியை உள்ளே வைப்பார்கள். ஏரியல் கம்பியை தோலுக்கு அடியில் நீட்டிவிட்டு தையல் போடுவார்கள். கருவியின் எடை பாம்பின் எடையில் 100-ல் 5 பங்கை தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. மயக்கம் முழுசாக தெளிந்த பிறகே பாம்பை வெளியே விடுவார்கள். அப்புறம் கையில் ஆன்டெனாவோடு சிக்னலை பிடித்தபடி பின்னாலேயே அலைய வேண்டியதுதான்.

ராஜநாகம் சொன்ன பாடம்

சென்னை பாம்பு பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் குழுவினர், கர்நாடகாவில் உள்ள ஆகும்பேயில் 2008-ல் ராஜநாகங்களுக்கு இப்படி கருவி வைத்தனர்.

2013-ல் வெளியான அவர்களின் ஆரம்பகட்ட ஆய்வில், வேறு இடத்துக்கு தூக்கிப்போய் விட்ட ராஜநாகம், சொந்த இடத்தில் இருந்ததை விட அதிக தூரம் அலைந்தது தெரியவந்தது.

ராஜநாகம் நம்ம ஊரில் கிடையாது. ஆனாலும் பாடம் நமக்கும்தான். பழகிய பொந்து, இரை, தண்ணீர் எதுவும் தெரியாத இடத்தில் விடப்படும் பாம்பு அலையத்தானே செய்யும்? அந்த வழியில் இன்னொரு வீடு இருக்கலாம். நம்ம வீட்டு ஆபத்தை பக்கத்து ஊருக்கு அனுப்பிய கதைதான்.

எனவே பாம்பை கண்டால் அடிக்கவோ, தாங்களே பிடித்து எங்கேயோ கொண்டுபோய் விடவோ கூடாது. தீயணைப்பு நிலையம் அல்லது வனத்துறைக்கு தகவல் சொல்லணும். கடித்துவிட்டால் மந்திரம், பச்சிலை என்று நேரம் கடத்தாமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போகணும்.