ஆள் தேடும் ஜப்பான்

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியில் தலை நனைக்க வரிசையில் நிற்க வேண்டும். அவ்வளவு ஜனம்! ஜப்பானிலோ ஆளுக்குத்தான் பஞ்சம்.

2024-ம் ஆண்டில் அங்கே பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சம்கூட இல்லை. இறந்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர். இப்போது 12 கோடியைத் தாண்டியிருக்கும் ஜனத்தொகை, 2070-ல் 8 கோடியே 70 லட்சமாகிவிடும் என்று அந்நாட்டு அரசாங்க ஆராய்ச்சி நிலையம் 2023-ல் கணக்கிட்டது. அப்போது 10 பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு வயது 65 அல்லது அதற்கும் மேல். 10-ல் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்!

கிழவர்களைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்? அதனால் 2021-ல் இந்தியாவுடன் ஜப்பான் ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்தப்படி முதியோர் பராமரிப்பு, விவசாயம் உள்பட 14 தொழில்களுக்கு அப்போது வழி திறந்தது. ஜப்பானிய மொழிப் பரீட்சையில் தேற வேண்டும்.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் சோகோ கம்பெனி இயங்குகிறது. ஜப்பானில் யோகோகாமா நகரிலும் அதற்கு அலுவலகம் உண்டு. கம்ப்யூட்டர் வேலையை ஊரில் இருந்தே பார்க்கலாம். கிழவரைக் கைத்தாங்கலாக நடத்திச் செல்ல, நேரில்தான் போக வேண்டும்.

தென்காசிப் பெண் ஜப்பான் பாட்டியைக் கவனிக்கப் போனால், வீட்டுப் பாட்டியை யார் கவனிப்பது? 2019-21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2 குழந்தைகள் இல்லை, 1.8 தான்.