கண்ணில் மஞ்சள் புள்ளிகள்: லேசர் உதவுமா?

50 வயதைத் தாண்டிய எம்மவர் பலர் மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில், "கண்ணின் பின்பக்கத்தில் மஞ்சள் புள்ளிகள் தெரிகின்றன. வயதால் வரும் மாக்குலா நோயின் ஆரம்பம்" என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். அடுத்து எம்மிடம் கேட்பது, "டொக்டர், லேசர் அடித்தால் போய்விடும்தானே?" என்பதுதான்.

கேள்வி நியாயமானது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களின் பார்வையை லேசர் காப்பாற்றியதை எமது உறவுகளுக்குள்ளேயே கண்டிருக்கிறோம். ஆனால் இது வேறு நோய்.

மாக்குலா என்றால் என்ன?

விழித்திரையின் நடுப்பகுதியே மாக்குலா. வாசிக்கவும், ஊசியில் நூல் கோர்க்கவும், எதிரில் நிற்பவரின் முகத்தை அடையாளம் காணவும் உதவுவது இதுதான். வயது ஏற ஏற இதன் அடியில் கொழுப்பும் புரதமும் கலந்த கழிவுகள் படிகின்றன. இவற்றை 'ட்ரூசன்' என்பர். ஆரம்பத்தில் பார்வை பெரும்பாலும் குறைவதில்லை. சிலருக்கு மட்டும் நோய் முற்றும். கலங்கள் மெல்ல அழிவது உலர் வகை. புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிவது ஈர வகை.

லேசர் என்ன செய்கிறது?

லேசர் பட்டால் இப்புள்ளிகள் குறைகின்றன, சில மறைந்தும் போகின்றன. ஆகவே பார்வையும் காக்கப்படும் என்று மருத்துவ உலகம் நம்பியது. அமெரிக்காவில் இரு கண்களிலும் பெரிய புள்ளிகள் இருந்த 1,052 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் மென்மையான லேசர் கொடுத்து, மறு கண்ணைச் சும்மா விட்டார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. 5 ஆண்டுகளின் பின் லேசர் பெற்ற கண்களிலும் பெறாத கண்களிலும் ஒரே அளவாக 20.5 வீதமானவை, எழுத்து அட்டையில் 3 வரிகளோ அதற்கு மேலோ இழந்திருந்தன. புள்ளி குறைந்தும் பார்வைக்குப் பலன் இல்லை!

பின்னர் மிகக் குறுகிய நேரத் துடிப்புள்ள புதிய லேசர் ஒன்று 292 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2018இல் வெளிவந்த அதன் முடிவும், மொத்தத்தில் நோய் முற்றுவதை அது தாமதப்படுத்தவில்லை என்றே காட்டியது.

ஆகவே யாராவது இதற்கு லேசர் செய்யலாம் என்று சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் "இது என் பார்வையைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டா?" என்று கேளுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. புகைப்பதை நிறுத்துவோம். எம் கையிலுள்ள காரணிகளில் இதுவே பெரியது.

2. வாரம் ஒரு தடவை, வாசிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் கட்டம் போட்ட கொப்பித் தாளைப் பார்ப்போம். நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, நடுவில் கரும்புள்ளி தோன்றினாலோ அது ஈர வகையாக இருக்கலாம். உடனே கண் வைத்தியரிடம் போக வேண்டும். ஈர வகைக்குக் கண்ணுக்குள் போடும் நல்ல ஊசி மருந்துகள் உண்டு. ஆனால் நாட்கள் கடந்தால் இழந்த பார்வை திரும்புவது கடினம்.

3. கீரை வகைகளையும் மீனையும் உணவில் சேர்ப்போம். விற்றமின், நாகம் கலந்த விசேட மாத்திரைகள் இடைநிலை நோயாளருக்கு, நோய் முற்றும் வாய்ப்பைச் சுமார் 25 வீதம் குறைப்பதாக 2001இல் அறியப்பட்டது. ஆரம்ப நிலையினருக்குப் பயன் தெரியவில்லை. புகைப்பவர்களும் முன்பு புகைத்தவர்களும் பீற்றா கரோட்டின் உள்ள மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். அது நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இதை வாசித்துவிட்டு, நீரிழிவுக்காக வைத்தியர் சொல்லும் லேசரை யாரும் மறுத்துவிடாதீர்கள். அது பார்வையைக் காப்பது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. எந்த நோய்க்காக லேசர் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொழி தடையாக இருந்தால் பிள்ளைகளையோ மொழிபெயர்ப்பாளரையோ கூட்டிச் செல்லுங்கள்.