தொப்பி இல்லையேல் ஆட்டம் இல்லை

சென்ற வாரம் புகையிலையைப் பார்த்தோம். அதன் வரிப் பணம் இந்த வாரமும் ஓரிடத்தில் தலைகாட்டும்.

ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தொடுவதற்குள் மூவரில் இருவருக்கு ஏதோவொரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. பெரும்பாலானவை வெட்டி எடுத்தால் தீர்ந்துபோகிறவை. மெலனோமா அப்படியல்ல, பரவினால் ஆளைக் கொல்லும். வெயில் மட்டுமே காரணமென்றால், அந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் பழங்குடியினரைத்தான் நோய் முதலில் பிடித்திருக்க வேண்டும். அவர்களிடம் அது மிகக் குறைவு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மங்கல் வெளிச்சத்துக்குப் பழகிய தோல், குயின்ஸ்லாந்தின் உச்சி வெயிலில் வந்து குடியேறியதுதான் சங்கதி. போதாக்குறைக்கு, தென்கோளத்தின் கோடையில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது.

வெள்ளையரிடையே நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க மெலனோமா சாவுகள் கூடுவதை 1956-இல் புள்ளியியலாளர் ஹென்றி லங்காஸ்டர் எடுத்துக்காட்டினார். பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றைச் சொல்லின. சிறு பிள்ளையாகக் குடியேறியவருக்கு, அங்கேயே பிறந்தவருக்கு உள்ள அதே ஆபத்து. வளர்ந்த பிறகு வந்தவருக்கு வெகு குறைவு. ஐம்பது வயதில் முதுகில் தோன்றும் புற்றுக்கு, எட்டு வயதில் கடற்கரையில் வாங்கிய வெயிலுக்கும் பங்குண்டு என்று அர்த்தம். ஆகவே தடுப்பு வேலையைப் பள்ளிக்கூடத்தில்தான் தொடங்கியாக வேண்டும்.

1981-இல் விக்டோரியா மாநிலத்தின் புற்றுநோய் எதிர்ப்பு அமைப்பு, சிட் என்ற கடற்புறாவைத் தொலைக்காட்சியில் ஆடவிட்டது. சட்டையைப் போடு, சன்ஸ்கிரீன் களிம்பைப் பூசு, தொப்பியை மாட்டு என்று அது பாடியது. நாடே முணுமுணுத்தது. பாட்டை எழுதிய பிலிப் ஆடம்ஸ் விளம்பரத் துறைக்காரர். இருந்தும் கடையில் புதிதாக வாங்கவேண்டிய களிம்பு அதில் இரண்டாவதாகத்தான் வருகிறது. எல்லார் வீட்டிலும் கிடக்கும் சட்டைக்கே முதலிடம். இன்றைய சன்ஸ்கிரீன் விளம்பரங்களில் சட்டையைத் தேடினாலும் கிடைக்காது.

பாட்டு ஊருக்குப் பழக்கமாயிற்று. நடத்தை மாற அது போதவில்லை. 1988-இல் ‘சன்ஸ்மார்ட்’ திட்டம் வந்தது. முன்பு சொன்ன புகையிலை வரியில் உருவான சுகாதார நிதியம் இதற்கும் கைகொடுத்தது. அதன் பிறகுதான் தொடக்கப் பள்ளிகளில் ‘தொப்பி இல்லையேல் ஆட்டம் இல்லை’ என்ற விதி ஊன்றியது. தொப்பி கொண்டுவராத பிள்ளை இடைவேளையில் நிழலில்தான் உட்கார வேண்டும். விளையாட்டுத் திடல்களுக்கு மேலே நிழற்துணிகள் ஏறின. செயற்கைக் கதிரில் மேனியைப் பழுப்பாக்கும் கடைகளுக்கு 2015 முதல் பெரும்பாலான மாநிலங்களில் தடை. ஒவ்வொருவர் மன உறுதியையும் நம்பிக் காத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்பது என் எண்ணம். நாற்பது வயதுக்குக் கீழே மெலனோமா இன்று குறைந்து வருகிறது. பாட்டு வருவதற்கு முன் வெயிலில் காய்ந்த தலைமுறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

களிம்பைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். குயின்ஸ்லாந்தின் நாம்பூர் ஊரில் 1992-இல் ஆய்வாளர் ஏடெல் கிரீனின் குழு 1,600-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு சாரார் தினமும் பூசினார்கள். மறு சாரார் வழக்கம்போல் இஷ்டப்படி. கூடாது என்று யாரையும் தடுப்பது தர்மமல்லவே! பல ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, தினமும் பூசியவர்களில் மெலனோமா 11 பேருக்கு. மற்றவர்களில் 22 பேருக்கு. ஆனால் களிம்பு, குப்பியில் எழுதியிருக்கிற தரத்தில் இருக்க வேண்டும். 2025-இல் நுகர்வோர் அமைப்பான ‘சாய்ஸ்’ 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்ததில் 16 தேறவில்லை.

மெல்பர்னிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர் பிள்ளைகளும் அந்தத் தொப்பியைத்தான் மாட்டுகிறார்கள். நல்லதுதான், கண்ணுக்கும் பாதுகாப்பு. ஆனால் வெயிலே ஆகாது என்று கறுத்த தோலுக்கும் அதே அளவில் சொன்னால் வைட்டமின் டி குறையும். அண்மைக்கால ஆஸ்திரேலிய வழிகாட்டல்கள் தோலின் நிறத்துக்கேற்பப் பிரித்தே அறிவுரை தருகின்றன. அதற்காகக் கறுத்த தோலுக்கு மெலனோமாவே வராது என்று இருந்துவிடக் கூடாது. சிட் பாடத் தொடங்கிய அதே 1981-இல் பாடகர் பாப் மார்லி இறந்தது, கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால். நம் போன்றோருக்கு அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என வெயில் அதிகம் படாத இடங்களில்தான் வருகிறது. அங்கே புதிதாய் ஒரு கருங்கோடோ, பெரிதாகிக்கொண்டே போகும் மச்சமோ, ஆறாத புண்ணோ கண்டால், அடிபட்டதாக இருக்கும் என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

(தொடரும்)