காற்று திரும்பினால் கப்பல் எங்கே ஒதுங்கும்?

சியால்டாவில் கானிங் லோக்கல் ஏறுகிறவர்கள் சுந்தரவனத்தை நினைத்துக்கொண்டு போகிறார்கள். கடைசி ஸ்டேஷனில் இறங்கி மாத்லா ஆற்றங்கரையில் நிற்கும்போது, கல்கத்தாவுக்கு மாற்றாக ஒரு பெருந்துறைமுகம் இங்கே எழ இருந்தது என்று யாருக்கும் தோன்றாது.

ஹூக்ளி மணல்மேடிட்டுப் போகிறது என்ற கவலை 1850-களில் வெள்ளைக்கார வியாபாரிகளைப் பிடித்துக்கொண்டது. மாத்லாவோ அகலமும் ஆழமுமான ஆறு. 'இதைவிட நல்ல நங்கூரத் துறை ஏது?' என்றார்கள். வேண்டாம் என்று எச்சரித்தவர் ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவராக இருந்து, பிறகு கல்கத்தா கடல் விசாரணை மன்றத்துக்குத் தலைமை வகித்தவர். 'சைக்ளோன்' என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தவரும் இவரே. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். நம் ஊர் வானிலை அறிக்கையில் வரும் அந்தச் சொல் பிறந்தது கல்கத்தாவில்!

மாலுமிகளுக்காக 1848-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். அதோடு, காற்றின் திசைகள் வரைந்த ஒளி ஊடுருவும் தகடும் உண்டு. கடல் வரைபடத்தின் மேல் வைத்தால் புயலின் மையம் எந்தப் பக்கம் என்று தெரியும். நம் பக்கத்துக் கடல்களில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் மையம் ஏறத்தாழ வலக்கைப் பக்கம் இருக்கும். மையம் நகர நகரக் காற்றும் திரும்பும். காலையில் அடக்கமாக இருந்த குடா மாலையில் திறந்த வாசலாகிவிடும். மையமே நேராக வந்து கடந்தால், சற்று ஓய்ந்த காற்று எதிர்த்திசையிலிருந்து பாயும்.

ராமேசுவரத்து மீனவர்களுக்கு இது புதிதல்ல. வடகிழக்குப் பருவக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும். படகுகள் தென்கடலுக்குப் போகும். தென்மேற்குக் காற்றில் தென்கடல் முரண்டு பிடிக்கும். தொலைவில் கரீபியன் தீவுகளில் உல்லாசப் பாய்மரப் படகுகளும் அப்படித்தான். கீழ்க்காற்று வீசும்வரை தீவின் மேற்குக் கரையில் நிற்கும். வடக்கிலிருந்து காற்று திரும்பினால் தெற்குக் குடாவைத் தேடும். அவர்களுக்கு விடுமுறை, நம்மவர்களுக்குப் பிழைப்பு.

மாத்லாவின் வாய் தெற்கே கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. புயல் வந்தால் கடல் எழுந்து ஆற்றுக்குள் ஏறும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குப் பிடிங்டன் கடிதம் எழுதினார். யாரும் கேட்கவில்லை. 1858-ல் அவர் காலமானார்.

ஹூக்ளி மட்டும் பத்திரமா என்றால், அதுவும் இல்லை. 1864 அக்டோபர் 5-ம் தேதி புயலில், கல்கத்தாவில் நின்ற 195 கப்பல்களில் சேதமின்றித் தப்பியவை 23 மட்டுமே. 36 அடியோடு அழிந்தன. புயலலையிலும் காற்றிலும் சுமார் 60,000 பேர் மாண்டார்கள். இருந்தும் கானிங் வேலை நிற்கவில்லை. 1867 நவம்பரில் புயல் மாத்லாவைத் தாக்கியது. ஸ்டேஷன் கட்டடமும் சரக்குக் கொட்டகைகளும் விழுந்தன. 1872-ல் துறைமுகத்தைக் கைவிட்டார்கள்.

கிதர்ப்பூர் டாக் 1892-ல் திறக்கப்பட்டது. கதவு அடைத்த நீர்த்தேக்கத்துக்குள் கப்பல் நிற்பதால், ஆற்றின் ஏற்றமும் இறக்கமும் அதை அசைப்பதில்லை.

கானிங்கில் இன்று மீன் படகுகள்தான். கூடைகளோடு மீன்காரர்கள் லோக்கலில் ஏற, வண்டி சியால்டாவுக்குத் திரும்புகிறது.