விபத்துக்குப் பின் வரும் உறக்கமற்ற இரவுகள்

2025 பிப்ரவரியில் ஒரு நாள் காலை, சித்தூரில் உள்ள எங்கள் கிளைக்கு நீண்டகால வாடிக்கையாளரான அம்மையார் ஒருவர் வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வந்திருந்தார். அவர் இட்ட கையொப்பம் எங்களிடமுள்ள மாதிரிக் கையொப்பத்துடன் பொருந்தவில்லை. மறுமுறை இட்டார், அதுவும் பொருந்தவில்லை. விரல்கள் நடுங்குவதைக் கண்டு, அவரை உள்ளே அமரச் செய்து விசாரித்தோம். "நிம்மதியாகத் தூங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது தம்பி" என்றார்.

2025 ஜனவரி 8 அன்று இரவு திருப்பதியில், வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கன்களுக்காகக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பக்தர்கள் உயிரிழந்ததையும், பலர் காயமுற்றதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இந்த அம்மையாரும் பேத்தியுடன் நின்றிருந்தார். நெரிசலில் குழந்தையின் கை நழுவியது. சில நிமிடங்களில் யாரோ ஒருவர் குழந்தையைத் தூக்கிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பேத்திக்குச் சிறு கீறலும் இல்லை. ஆனால் இரவுதோறும் பின்சாமத்தில் வரும் கனவில் கை நழுவுகிறது, குழந்தை கிடைப்பதில்லை. அலறி எழுந்தபின் விடியும்வரை பேத்தியின் அருகில் அமர்ந்து அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளம் சூழ்ந்த பின், மழைச் சத்தம் கேட்டாலே உறக்கம் கலைவதாகச் சொன்ன வாடிக்கையாளர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஏன் இப்படி நேர்கிறது?

பேரச்சத்தைச் சந்தித்த மூளை, ஆபத்து நீங்கிய பின்னும் காவலைக் கைவிடுவதில்லை. இரவின் பிற்பகுதியில் கனவுறக்கம் மிகுதி. ஆகவே பயங்கரக் கனவுகளும் பெரும்பாலும் அந்நேரத்திலேயே வருகின்றன. கனவுக்கு அஞ்சி உறக்கத்தைத் தள்ளிப்போடுவோர் பலர். உறக்கம் குறையக் குறைய அச்சம் வளர்கிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இது தானே தணிந்துவிடும். ஒரு மாதத்திற்கு மேலும் கனவும் திடுக்கிடலும் நீடித்து, அன்றாட வேலை பாதிக்கப்பட்டால் மனநல மருத்துவரை நாட வேண்டும். இது பைத்தியமுமன்று, மனவுறுதி இல்லாமையுமன்று.

செய்யத்தக்கவை

ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எழுவது முதற்படி. முந்தைய இரவு உறங்காவிட்டாலும் இதை மாற்றலாகாது. பிற்பகலுக்கு மேல் காபி, தேநீர் வேண்டாம். உறக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து வேறிடத்தில் அமர்ந்து, கண் சொருகும்போது படுக்கைக்குத் திரும்பலாம். கனவிலிருந்து விழித்தால் விளக்கைப் போட்டு, தரையில் காலூன்றி, இருக்கும் இடத்தையும் அன்றைய தேதியையும் வாய்விட்டுச் சொல்வது மனத்தை நிகழ்காலத்திற்குக் கொண்டுவரும்.

மது உறக்கம் தரும் என்பது தவறான எண்ணம். முன்னிரவில் அது கனவை அடக்கினாலும் பின்னிரவில் உறக்கத்தைக் குலைக்கும். மருந்துச் சீட்டின்றித் தூக்க மாத்திரை வாங்குவதும் ஆபத்தே. அதிர்ச்சி நேர்ந்த முதல் மாதத்தில் உறக்கமின்மைக்கு பென்சோடயசெபின் வகை மாத்திரைகளைத் தரலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

மருத்துவர்கள் கையாளும் ஒரு முறை எளியது. பகற்பொழுதில் அந்தக் கனவை நினைவுகூர்ந்து, அதன் போக்கைத் தாம் விரும்பியவாறு மாற்றி எழுதி, மாற்றிய காட்சியை நாள்தோறும் சிறிது நேரம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பதாகும். அமெரிக்க மருத்துவர் பாரி கிராகோ குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இம்முறையால் பயங்கரக் கனவுகள் குறைந்து உறக்கமும் மேம்பட்டது தெரியவந்தது. கடும் அதிர்ச்சிக்கு உள்ளானோர் இதை மருத்துவர் துணையுடன் செய்வதே நலம்.

உதவி எங்கே?

2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால் காலம் தாழ்த்தாமல் அழையுங்கள், அருகிலிருப்பவரிடமும் சொல்லுங்கள்.

செலவை எண்ணித் தயங்குவோர் கவனிக்க: உடல் நோய்க்கு உள்ளதைப் போன்றே மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு அளிக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் விதி. மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக உள்நோயாளிச் சிகிச்சையையே ஏற்பவை. ஆதலால் புறநோயாளிச் செலவு அடங்குமா என்பதைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கியாளர் என்ற முறையில் மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். உறக்கமிழந்த நாட்களில் வைப்புத்தொகையை முறிப்பது, கடனுக்குப் பிணை நிற்பது போன்ற பெரிய முடிவுகளை இயன்றவரை ஒத்திவையுங்கள். களைத்த மனம் எளிதில் ஏமாறும். அறியாதவர் அழைத்து ஓடிபி கேட்டால் தராதீர்கள்.

அந்த அம்மையார் மகனுடன் திருப்பதியில் மனநல மருத்துவரைக் கண்டார். நான்கு மாதங்களுக்குப் பின் கிளைக்கு வந்தபோது, கனவு முற்றிலும் நின்றுவிடவில்லை என்றார். "ஆனால் நான் மாற்றி எழுதியதில் பிள்ளையின் கை நழுவுவதில்லை. இப்போது சில நாள் கனவிலும் நழுவுவதில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

கையொப்பத்தில் சிறு நடுக்கம் எஞ்சியிருந்தது. பழையதைப் போல் இடுமாறு நாங்கள் வற்புறுத்தவில்லை. அடையாளச் சான்றைச் சரிபார்த்து, புதிய மாதிரிக் கையொப்பத்தைப் பெற்றுப் பதிவு செய்துகொண்டோம்.